கோவலூர்ச் சோலையும் பெண்ணைக் கரும்பும்
பெரிய திருமொழி 2-10இல் மரமும் மலரும் பெறும் இடம்

திருமங்கையாழ்வாரின் திவ்யதேசப் பாசுரங்களைப் பயில்வோரிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. பாசுரத்தின் முற்பகுதியில் எம்பெருமானுடைய அவதார சேஷ்டிதம் வரும். அங்கே உபந்யாஸகர் நின்று நிதானித்துப் பொருள் விரிப்பார். பிற்பகுதியில் பொழிலும் வயலும் பொய்கையும் வரும். அங்கே வேகம் கூடிவிடும். 'இத்தகைய சோலைகள் சூழ்ந்த' என்று ஒரு தொடரில் நான்கு மரங்களும் இரண்டு மலர்களும் கழிந்துபோகும். அச்சிட்ட பதவுரைகளிலும் நிலைமை பெரிதும் வேறன்று. கோங்கு என்பதற்கு 'ஒரு மரம்' என்றும், குரவு என்பதற்கு 'ஒருவகை மரம்' என்றும் பொருள் எழுதி மேலே செல்வது பல பதிப்புகளில் காணப்படுவதே. பாசுரத்தில் பாதி இடத்தைப் பெற்ற ஒன்றுக்குப் பொருளில் மட்டும் இடம் இல்லாமற் போவது எப்படி? ஆழ்வார் அடி நிரப்புவதற்காகச் சோலையைப் பாடினார் என்று எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் படிக்கும் முறை அவ்வாறே சொல்லிவிடுகிறது.

இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குத் திருக்கோவலூர்ப் பதிகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பெரிய திருமொழி இரண்டாம் பத்தின் பத்தாம் திருமொழி அது. முதலாழ்வார் மூவரும் இடைகழியில் நெருக்குண்டு திருவந்தாதிகள் பிறந்த தலம். உலகளந்த பெருமாள் ஆயனார் என்ற திருநாமத்தோடு எழுந்தருளியிருக்கும் தலம். தாயாரின் திருநாமமோ பூங்கோவல் நாச்சியார். மலர் அங்கே பெயரிலேயே குடிகொண்டிருக்கிறது. ஆழ்வார் முதற்பாசுரத்திலேயே ஊரின் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறார்: வளம் குன்றாத பெண்ணையாற்றின் தென்பால், நான்மறையாளர் வேள்வி செய்ய, செந்நெல் விளையும் வயல்களின் நடுவே. இன்றும் திருக்கோவலூர் பெண்ணையின் தென்கரையில்தான் இருக்கிறது.

அவ்வூருக்கு மேற்கே, அதே ஆற்றின் மேற்பகுதியில், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது மூங்கில்துறைப்பட்டு. மூங்கிலும் துறையும் சேர்ந்த பெயர். மரத்தையும் ஆற்றையும் ஒருங்கே நினைவில் வைத்திருக்கும் பெயர். தென்மேற்கே கல்வராயன் மலை. இரு மருங்கும் கரும்புக் கழனிகள். கள்ளக்குறிச்சிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இவ்வூரில்தான் அமைந்துள்ளது. கோவலூர்ப் பதிகத்தின் சோலையைப் புரிந்துகொள்ள இந்தக் கரும்பு நிலம் எவ்வாறு உதவுகிறது என்பது பின்னர் விளங்கும்.

முதலில் மூன்றாம் பாசுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முற்பாதி கஜேந்திர மோக்ஷம். தளிரும் மலரும் நிறைந்த சோலை சூழ்ந்த பொய்கை; அதில் முதலையின் பல்லில் அகப்பட்டுத் தளர்ந்த களிறு; திருவாழி ஏந்தி வானிலே தோன்றி அருள்புரிந்த பெருமான். பிற்பாதி கோவலூர். அங்கேயும் ஒரு பொய்கை. கருநீல மலர்கள் கரியைப்போலக் காட்சி தருகின்றன. புன்னை முத்துகளாக அரும்பிப் பொன்னாக விரிகிறது. தாமரை விளக்கைப் போல ஒளிர்கிறது.

கரி, முத்து, பொன், சுடர் என்ற இந்நான்கும் சேர்ந்தால் தோன்றுவது ஒரு பொற்கொல்லனின் பட்டறை. உவமைகளைத் தனித்தனியே எடுத்தால் கருநீலத்தைக் கரிக்கு ஒப்பிடுவது மலருக்குச் சிறப்புத் தருவதாகாது. அழகான பூவை ஏன் கரியென்று சொல்லவேண்டும் என்று கேட்கத் தோன்றும். சேர்த்துப் படித்தால் அந்தக் கேள்வி மறைகிறது. கரியின்மேல்தான் பொன் உருகும். கருமையின் அருகில்தான் பொன்னின் நிறம் எடுபடும். ஆழ்வார் பூக்களை ஒவ்வொன்றாக வருணிக்கவில்லை. அவை ஒன்றுக்கொன்று செய்யும் உதவியை வருணிக்கிறார்.

இந்த உவமையின் நம்பகத்தன்மையைப் புன்னையே உறுதிசெய்கிறது. புன்னையின் அரும்பு சிறிய வெண்ணிற உருண்டை. காம்பில் கொத்தாகத் தொங்கும்போது முத்தென்றே சொல்லலாம். விரிந்தபின் வெள்ளிதழ்களின் நடுவே மகரந்தத் தாள்கள் அடர்ந்து பொன்னிறம் காட்டும். முத்து அரும்புவதும் பொன் காட்டுவதும் ஒரே மலரின் இரு பருவங்கள். இரண்டு உவமைகளை ஆழ்வார் மனம்போனபடி அடுக்கவில்லை. ஒரு மரத்தின் கீழே காலையும் மாலையும் நின்று பார்த்தவர்க்கே வாய்க்கும் வரிசை இது. 'புன்னை ஒரு மரவிசேஷம்' என்று உரைத்துச் செல்லும்போது இழப்பது இவ்வரிசையைத்தான். முத்து எப்படிப் பொன்னாயிற்று என்பது மரத்தை அறியாதவர்க்கு அலங்காரமாகத் தோன்றும். அறிந்தவர்க்கு அது காட்சி.

இனி இரு பாதிகளுக்கும் உள்ள தொடர்பு. கஜேந்திரன் தாமரையைப் பறித்தது திருவடியில் ஸமர்ப்பிப்பதற்கு. அந்தப் பூ நிறம் மாறுவதற்குமுன் திருவடி சேரவேண்டுமே என்பதே அவனுடைய ஆர்த்தி என்று நம் பூர்வாசார்யர்கள் கொண்டாடுவர். முற்பாதியின் பொய்கையில் மலரை ஸமர்ப்பிக்க இடையூறு வந்தது. பிற்பாதியின் பொய்கையில் அந்த இடையூறு இல்லை. இங்கே தாமரை பறிக்கப்படவும் வேண்டாம். நின்ற இடத்திலேயே திருவிளக்காக எரிகிறது. புன்னை பொன்னை இடுகிறது. களிறு செய்ய முயன்ற கைங்கர்யத்தைக் கோவலூரில் பொய்கையும் மரமும் தாமே செய்துகொண்டிருக்கின்றன. இவ்வாறு நோக்கும்போது பிற்பாதி முற்பாதிக்கு விடையாகிறது. சோலையைக் கழித்துவிட்டால் பாசுரம் பாதியில் நின்றுவிடும்.

நான்காம் பாசுரத்தில் இத்தொடர்பு இன்னும் நெருக்கமானது. மாலியைப் போரில் வீழ்த்தப் புள்ளூர்ந்து வந்த பெருமான், கண்ணீர் அரும்பி அன்பு பெருகும் அடியவர்க்கு ஆரமுதமாக இருப்பவன் என்பது முற்பாதி. கோங்கும் சுரபுன்னையும் குரவும் நிறைந்த சோலை, அங்கே வரிவண்டுகளின் கூட்டம் இசைபாட, அந்தப் பாட்டைக் கேட்டுக் கழனியில் இனிய கரும்பு கண்வளர்கிறது என்பது பிற்பாதி.

இரு சொற்கள் இப்பாசுரத்தின் இரு பாதிகளையும் தைத்து இணைக்கின்றன. ஒன்று அரும்பு. அடியவர் கண்களில் நீர் அரும்புகிறது. சோலையில் கோங்கு அரும்புகிறது. எதுகைக்காக அமைந்த ஒலியென்று மட்டும் இதனைக் கொள்ளலாகாது. மொட்டு விரிவதற்கு முன்னுள்ள நிலையும், கண்ணீர் வழிவதற்கு முன்னுள்ள நிலையும் ஒன்றே என்பதை அச்சொல் காட்டுகிறது. உள்ளே நிறைந்தது வெளியே தலைகாட்டும் தருணம் அது.

மற்றொன்று கண். அடியவரின் கண் உறங்காமல் நீர் சோர்கிறது. கரும்பின் கண்ணோ வளர்கிறது. கரும்புக்குக் கண் உண்டென்பதை மூங்கில்துறைப்பட்டு உழவர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரணை வெட்டி நடும்போது கணுவில் உள்ள கண் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்த்தே நடுவர். அந்தக் கண்ணிலிருந்தே அடுத்த பயிர் முளைக்கும். ஆகவே கரும்பு கண்வளர்தல் என்பது ஒருபுறம் உறக்கம்; மறுபுறம் கணுவில் கண் முதிர்ந்து வளர்தல். வண்டின் தாலாட்டில் உறங்குவதும் வேளாண்மை முறையில் விளைவதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

இச்சொல்லுக்கு ஸம்ப்ரதாயத்தில் உள்ள மதிப்பையும் கருதவேண்டும். எம்பெருமான் அரவணைமேல் பள்ளிகொண்டிருப்பதைக் கண்வளர்ந்தருளுதல் என்று சொல்வதே நம் மரபு. உறங்குதல் என்ற பொதுச்சொல் இருக்க, திருமாலுக்குரிய சொல்லைக் கழனிக் கரும்புக்கு ஆழ்வார் வழங்குகிறார். பெருமானுடைய உறக்கம் அறியாமையால் வருவதன்று. உலகைக் காக்கும் வழியைச் சிந்திக்கும் யோகநித்திரை. கரும்பின் உறக்கமும் வெறும் துயில் அன்று. இனிமை உள்ளே முதிர்கின்ற காலம். அடியவர்க்கு ஆரமுதம் என்று முற்பாதியில் சொன்ன பெருமானுக்கும் தீங்கரும்புக்கும் உள்ள உறவு இச்சொல்லால் வெளிப்படுகிறது.

இந்த உறவை ஒரு பெரிய ஆசார்யர் வெளிப்படையாகவே எடுத்தாண்டுள்ளார். வேதாந்த தேசிகன் கோவலூர்ப் பெருமான்மீது அருளிய தேஹளீச ஸ்துதியில், பெருமானைப் பெண்ணைக் கரையில் விளைந்த கரும்பாகவும், பொய்கையார் முதலான கவிகளின் நெருக்கத்தால் பிழியப்பட்டுப் பெருகிய சாறாக அவனுடைய ரஸத்தையும் பேசுகிறார். இடைகழியில் மூவர் நெருங்கினர்; நான்காமவனாக ஒருவன் வந்து நெருக்கினான்; அந்த நெருக்கத்தில் இனிமை பிறந்தது. ஆலையில் கரும்பு படும் பாட்டைப் பெருமான் தன் அடியார் நடுவே தானாக ஏற்றுக்கொண்டான் என்பது அவ்வுவமையின் உயிர். திருமங்கையாழ்வார் கழனியில் உறங்கவிட்ட கரும்பை, சில நூற்றாண்டுகளுக்குப் பின் தேசிகன் ஆலைக்குக் கொண்டுவந்தார் என்று சொன்னால் மிகையாகாது. இரு பாடல்களையும் இணைப்பது பெண்ணைக் கரையின் பயிர். அப்பயிர் நிலத்தில் இல்லாதிருந்தால் உவமை பிறந்திராது. இன்றும் அவ்வாற்றின் கரையில் ஆலை இயங்கும் ஊரில் கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையில் நிற்பதைக் காண்பவர், ஸ்துதியின் பொருளைக் கண்ணால் படிக்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழுவது இயல்பு. புன்னையும் கோங்கும் குரவும் பிற திவ்யதேசப் பாசுரங்களிலும் வருகின்றன. சங்கப் பாடல்களிலும் வருகின்றன. எனவே இவை கவிமரபின் பொதுப்பொருள்கள். கோவலூருக்கென்று எதையும் சொல்வன அல்ல என்பது அம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆழ்வார் தமிழ்க் கவிமரபில் ஊறியவர். அவருடைய சோலைகள் அனைத்தும் நேரிற்கண்ட கணக்கெடுப்பு என்று வாதிடுவது பொருந்தாது. சில பதிகங்களில் ஒரே வகைச் சோலை பெயர் மாற்றத்தோடு திரும்ப வருவதையும் மறைக்க இயலாது.

ஆயினும் மரபு என்பதனால் பொருளில்லை என்று ஆகிவிடாது. நான்காம் பாசுரத்தின் மரங்களைப் பருவத்தோடு வைத்துப் பார்க்கலாம். கோங்கு இலையுதிர்த்து நின்று மஞ்சள் மலர்களைச் சுமப்பது வேனில் தொடக்கத்தில். குரவு மலர்வதும் இளவேனிலில் என்பது பழந்தமிழ்ப் புலவர் பலர் சொல்வது. கரும்பு முற்றி இனிமை நிறைவதும் பனிக்காலம் கழிந்து வெயில் ஏறும் அந்நாட்களையொட்டியே. பாசுரத்தில் வரும் பொருள்கள் ஒரே பருவத்தில் ஒத்து நிற்கின்றன. அடி நிரப்ப வந்த பெயர்களுக்கு இந்த ஒற்றுமை தேவையில்லை.

திணையோடு வைத்துப் பார்த்தால் இன்னும் ஒன்று தெரிகிறது. புன்னை நெய்தல் நிலத்துக்குரிய மரம். கோங்கு வறண்ட குன்றுகளில் வளர்வது. கருநீலமும் தாமரையும் கரும்பும் மருதத்துக்கு உரியன. கடலோரமும் குன்றும் வயலும் கோவலூரில் ஒரே சோலையாகச் சேர்ந்திருக்கின்றன. தாமே முளைத்த காட்டில் இவை ஒன்றுகூடுவது அரிது. நட்டு வளர்த்த சோலையில் கூடும். எல்லா நிலத்தையும் ஒரே திருவடியால் தாவி அளந்தவன் நிற்கும் ஊரில் எல்லா நிலத்து மரங்களும் ஒரே இடத்தில் நிற்கின்றன. திரிவிக்கிரமனுக்கு ஏற்ற சோலை இதுவே. ஆழ்வார் இதனை விளக்கிச் சொல்லவில்லை; மரங்களைத் தேர்ந்தெடுத்த முறையில் வைத்திருக்கிறார்.

அவ்வூரின் இலக்கிய வரலாறும் இதற்குத் துணைநிற்கிறது. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசைப்படுத்திய கபிலர், தம் வாழ்நாளின் இறுதியை எய்திய இடம் கோவலூர்ப் பெண்ணையாற்றின் நடுவே உள்ள பாறை என்பதைக் கீழையூர் வீரட்டானத்துச் சோழர் கல்வெட்டு கூறுகிறது. மலர்களைப் பெயர் சொல்லி அழைப்பது ஓர் அறிவு என்று கருதிய மரபு, ஆழ்வார் வருவதற்குமுன்பே அந்த ஆற்றங்கரையில் கால்கொண்டிருந்தது. ஆழ்வார் அதனைப் பெற்றுப் பெருமானுக்கு ஆக்கினார்.

ஸ்வாபதேசம் பற்றியும் இங்கே சொல்லவேண்டியது உண்டு. வண்டு, கிளி, நாரை முதலியவற்றை ஆசார்யர்களாகக் கொண்டு பொருளுரைப்பது நம் வியாக்கியான மரபின் அரிய செல்வம். அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் இதனை முறையாக வகுத்துக் காட்டியுள்ளார். அதன்படி கோவலூர் வண்டுகளை ஆசார்யர்களாகவும், கண்வளரும் கரும்பை அவர்கள் வாய்ச்சொல் கேட்டுப் பேசாது இனிமை முதிரும் சிஷ்யனாகவும் கொள்ள இடமுண்டு. அழகிய பொருள்தான். ஆனால் ஸ்வாபதேசம் அந்யாபதேசத்தின்மேல் நிற்பது. வண்டு தேனை நாடுவதும், பலமலர்களில் உழன்று சாரத்தை மட்டும் கொள்வதும் உண்மையாக இருப்பதனால்தான் ஆசார்யனுக்கு அது உவமையாகிறது. நேர்ப்பொருளைத் தள்ளிவிட்டு உட்பொருளுக்குத் தாவுபவர், ஏணியை எடுத்துவிட்டு மாடிக்கு ஏற முயல்பவர். பெரியவாச்சான் பிள்ளை போன்ற வியாக்யாதாக்கள் முதலில் பதத்தின் நேர்ப்பொருளைச் சுவைத்துவிட்டே அப்பால் செல்வதைக் கவனிப்பார் அறிவர்.

சோலையைப் பகவத் விஷயமாகவே கொள்வதற்கு ஆழ்வார்களின் வாக்கிலேயே ஆதாரம் உண்டு. குலசேகரப் பெருமாள் திருவேங்கடத்தில் செண்பக மரமாய் நிற்கும் பேற்றை வேண்டுகிறார்; அதன்பின் அதனினும் எளிய தம்பகமாய் நிற்பதும் போதும் என்கிறார். நம்மாழ்வார் திருமாலிருஞ்சோலைப் பதிகத்தில், அம்மலைக்கு அயலே உள்ள மலையை அடைவதும் செய்யத்தக்கதே என்று அருள்கிறார். கோயிலுக்கு அயலது என்று எதுவும் இல்லை. அவனைச் சூழ்ந்தது எதுவோ அதுவும் ப்ராப்யம். இந்த நோக்கில் சோலை வருணனை என்பது பெருமானை விட்டு விலகிச் சென்ற பேச்சாகாது.

நந்தவனக் கைங்கர்யம் இதன் அனுஷ்டானம். பெரியாழ்வார் பூச்சூட்டல் பதிகத்தில் செண்பகம், மல்லிகை, பாதிரி, மரு, தமனகம், செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை என்று ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பாசுரத்தில் இடமளித்துக் கண்ணனை அழைக்கிறார். ஏதோ ஒரு பூ என்று அவர் சொல்வதில்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் பூக்கூடையோடு அரங்கன் முன் நின்றார். சிந்துபூ மகிழும் திருவேங்கடத்துக்குச் சென்று மலர்க்கைங்கர்யம் செய்வார் உண்டோ என்று உடையவர் கேட்க, அனந்தாழ்வான் எழுந்து சென்று திருமலையில் நந்தவனம் அமைத்ததைக் குருபரம்பரை கூறும். ஒரு பாசுரத்தின் பொருள் உரையாக எழுதப்படுவதற்குமுன் தோட்டமாக நடப்பட்டது.

இன்றைய நிலை இதற்கு மாறானது. திருக்கோயில் நந்தவனங்கள் பல, சந்தைப் பூவின் வரவால் பயன் குன்றிச் சுருங்கியுள்ளன. நிழலுக்கும் நிறத்துக்கும் என்று நடப்படுபவற்றில் மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரமும் முன்னிற்கின்றன. அவற்றின்மேல் பகை வேண்டியதில்லை. அவையும் அவன் படைப்பே. ஆனால் கோங்கையும் குரவையும் ஒருமுறையேனும் கண்டிராத தலைமுறைக்குக் கோவலூர்ப் பதிகத்தை எவ்வாறு உரைப்பது? முத்து பொன்னாவதைப் புன்னையின்கீழ் நின்று காட்டினால் ஒரு நொடியில் முடியும். சொல்லால் காட்ட ஒரு பக்கமும் போதாது. உரைமரபைக் காப்பது ஓலையையும் அச்சையும் காப்பதோடு முடிந்துவிடுவதில்லை. பதங்களுக்குரிய பதார்த்தங்கள் நிலத்தில் நிற்கவேண்டும்.

மூங்கில்துறைப்பட்டிலிருந்து கோவலூர் வரையிலான பெண்ணைக் கரைக்கு இது நேரே பொருந்துகிறது. 1958இல் சாத்தனூர் அணை எழுந்தபின் ஆற்றின் ஓட்டம் மாறியது; ஆண்டில் பல மாதங்கள் மணலே மிகுந்து தெரிகிறது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது வெள்ளம் கரைகளை மீறியது. பதிகத்தில் சொன்ன வற்றாத நீர்வளம் இப்போது வறட்சிக்கும் பெருக்குக்கும் இடையே ஊசலாடுகிறது. இந்நிலையிலும் ஒன்று மாறவில்லை: கரும்பு இன்றும் அக்கழனிகளில் கண்வளர்கிறது. வண்டுகள் பாடுவதற்குரிய சோலைதான் அதனருகே குறைந்துள்ளது. புன்னையும் கோங்கும் குரவும் கன்றாகக் கிடைக்காத அரிய மரங்கள் அல்ல. கோயில் நிலத்திலும் ஏரிக்கரையிலும் நட்டால் வளர்பவை. பதிகத்தின் ஒரு பாதி வயலில் இருக்கிறது. மற்றொரு பாதியை நடுவது, அப்பதிகத்தை அநுஸந்திப்பவர்களின் கடமை.